கார் பெயிண்ட்டில் ஸ்வர்ல் நீக்குவது எப்படி: பாலிஷிங் மெஷின், பேட், காம்பவுண்ட் தேர்வு முதல் கடைசித் துடைப்பு வரை

அடர் நிறக் கார் ஒன்றை வெயிலில் நிறுத்தி, பானட்டில் விழும் சூரியப் பிம்பத்தைப் பாருங்கள். அதைச் சுற்றி வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் தெரியும். ஸ்வர்ல் என்பது இதுதான். கீறல்கள் உண்மையில் வட்டமாக இல்லை. எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. பிம்பத்தைச் சுற்றி வளைந்த வாக்கில் அமைந்தவை மட்டும் ஒளியைக் கண்ணுக்குத் திருப்பி அனுப்புவதால் வட்டமாகத் தோன்றுகிறது. தினமும் காலையில் ஒரே வாளித் தண்ணீரில் ஒரே துணியை நனைத்து வண்டி முழுவதும் துடைப்பதுதான் நம் ஊரில் இதற்கு முதல் காரணம். துணியில் ஒட்டிய மண் துகள், பெயிண்ட்டின் மேல் இருக்கும் நிறமற்ற அடுக்கான கிளியர் கோட்டைக் கீறிக்கொண்டே போகிறது.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. எண்ணெயும் மெழுகும் கலந்த கிளேஸைப் பூசிக் கீறலை மூடிவிடலாம். நாலைந்து முறை கழுவியதும் எல்லாம் திரும்பி வந்துவிடும். இன்னொன்று, கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்துச் சமன் செய்வது. இரண்டாவதுதான் உண்மையான கரெக்‌ஷன். அப்படிச் செய்யும்போது பெயிண்ட் குறைகிறது, குறைந்தது திரும்பாது. எந்த மெஷின், எந்த பேட், எந்தக் காம்பவுண்ட் (உராய்வுத் துகள் கலந்த தேய்ப்புத் திரவம்) என்ற கேள்விக்கெல்லாம் பதில் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வர வேண்டும்.

வாங்கும் முன் அளந்து பாருங்கள்

கம்பெனியில் அடித்த பெயிண்ட் மொத்தமும் சேர்த்துப் பெரும்பாலும் 90 முதல் 140 மைக்ரான் இருக்கும். ஒரு ஜெராக்ஸ் தாளின் தடிமன் ஏறக்குறைய 100 மைக்ரான் என்பதை நினைத்துப் பாருங்கள். அதற்குள்தான் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், மேலே கிளியர் கோட் எல்லாம் அடங்கியிருக்கின்றன. கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதும் இந்த அடுக்குதான். இதைச் சுரண்டி மெலிதாக்கினால் சில வருடங்களில் கூரையிலும் பானட்டிலும் வெள்ளை வெள்ளையாக உரியத் தொடங்கும். வண்டியின் முழு ஆயுளிலும் சேர்த்து 8–10 மைக்ரானுக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது, அல்லது இரவல் பெற வேண்டியது, பெயிண்ட் தடிமன் அளக்கும் கேஜ். இரும்பு, அலுமினியம் இரண்டையும் அளப்பதாக இருக்கட்டும். பிளாஸ்டிக் பம்பரில் இந்த வகைக் கேஜ் வேலை செய்யாது. ஒவ்வொரு பேனலிலும் ஐந்தாறு இடத்தில் வைத்துப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்துப் பேனலெல்லாம் 110 காட்டும்போது ஒரு கதவு மட்டும் 220 காட்டினால் அது மறுபடி பெயிண்ட் அடித்தது. 500-ஐத் தாண்டினால் உள்ளே பட்டி பார்த்திருக்கிறார்கள். தடிமன் கூடுதல் என்று அங்கே தைரியமாகத் தேய்க்கக் கூடாது. கேஜ் காட்டுவது மொத்தக் கணக்கு. அதில் கிளியர் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. 80-க்குக் கீழே காட்டும் இடத்தில், குறிப்பாக ஏற்கெனவே ‘ரப்பிங்’ (கடையில் மெஷின் தேய்ப்பு) போட்ட பழைய வண்டியில், கடைசி நிலைப் பாலிஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மேட் பெயிண்ட்டில் மெஷினே வைக்கக் கூடாது. வைத்த இடம் பளபளத்துத் திட்டுத் திட்டாகிவிடும். கிளியர் கோட் இல்லாத பழைய சாலிட் நிறங்களில் பேட் முழுக்கக் காரின் நிறம் ஏறும், அது இயல்பு. ஆனால் கிளியர் கோட் உள்ள வண்டியில் பேடில் நிறம் தெரிந்தால் கிளியர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். உடனே மெஷினை நிறுத்துங்கள்.

மெஷின்: ரோட்டரி வேண்டாம், டி.ஏ. போதும்

ரோட்டரி மெஷினில் பேட் ஒரே மையத்தில் சுற்றும், நிமிடத்துக்கு 600 முதல் 3000 சுற்று வரை. வெட்டும் சக்தி அதிகம். வெப்பமும் ஒரே இடத்தில் ஏறும். கை கொஞ்சம் சாய்ந்தால் ஹோலோகிராம் எனப்படும் வில் வில்லான தடங்கள் விழும். விளிம்பில் சில நொடி நின்றால் பிரைமர் தெரியும். தெருமுனைக் கடைகளில் ரப்பிங் போட்ட வண்டிகள் வெயிலில் நெளிநெளியாக மின்னுவது இதனால்தான். வருடக்கணக்கில் பழகிய கைக்கு ரோட்டரி அருமையான கருவி, ஆனால் முதல் மெஷினாக அதை வாங்காதீர்கள்.

டூயல் ஆக்‌ஷன், சுருக்கமாக டி.ஏ., சுற்றிக்கொண்டே ஒரு சிறு வட்டத்தில் அலையவும் செய்யும். அதிகமாக அழுத்தினால் சுழற்சி நின்று வெறுமனே அதிரும். தொடக்கக்காரருக்கு இதுதான் காவல். பேட் சுழல்கிறதா என்று பார்க்க, பேட் ஒட்டும் தட்டான பேக்கிங் பிளேட்டின் பக்கவாட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு சுற்றி வந்தால் வேலை நடக்கிறது. நின்ற இடத்திலேயே நடுங்கினால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், அல்லது மெஷினைத் தட்டையாகப் பிடிக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய எண் த்ரோ, அதாவது அலையும் வட்டத்தின் அகலம். 8 மி.மீ. மெஷின் மெதுவாக வெட்டும், கைக்கு அடங்கும். 21 மி.மீ. பெரிய தட்டையான பானட்டிலும் கூரையிலும் வேகமாக முடிக்கும். வளைவில் வைத்தால் சட்டென்று நின்றுவிடும். நம் சாலைகளில் ஓடும் ஹேட்ச்பேக், காம்பாக்ட் எஸ்யூவிகளின் கதவுகள் முழுக்க மடிப்பும் வளைவுமாக இருக்கின்றன. அவற்றுக்கு 12 அல்லது 15 மி.மீ. த்ரோவும் 5 அங்குல பேக்கிங் பிளேட்டும்தான் பொருத்தம். ரூபெஸ் எல்எச்ஆர்15 இந்த வகைக்கு நன்கு தெரிந்த உதாரணம். ஃபிளெக்ஸ் எக்ஸ்சி 3401 போன்ற கியர் வைத்த மெஷின்கள் அழுத்தினாலும் சுழற்சியை நிறுத்தாது. வளைவில் அது வசதிதான். விலையும் அதிர்வும் கூடுதல், விளிம்பில் ஜாக்கிரதையும் கூடுதலாக வேண்டும்.

விலை குறைந்த மெஷினை வாங்கும்போது இவற்றைப் பாருங்கள். வேகத்தை 1 முதல் 6 வரை மாற்ற முடிகிறதா? பளு ஏறும்போது வேகம் விழாமல் பிடித்துக்கொள்கிறதா? கடையிலேயே பேடுடன் ஓடவிட்டு இரண்டு நிமிடம் கையில் வைத்திருங்கள். விரல் மரத்துப்போனால் அந்த மெஷினோடு ஆறு மணி நேரம் வேலை செய்ய முடியாது. பேக்கிங் பிளேட்டின் திருகையும் கேளுங்கள். டி.ஏ.க்களில் எம்8 ஒரு வகை, 5/16 அங்குலம் இன்னொரு வகை. பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், மாற்றி முடுக்கினால் மரை போய்விடும். ரோட்டரியில் வழக்கமாக வருவது எம்14. மெஷினுக்குள் இருக்கும் எதிர் எடை குறிப்பிட்ட அளவு பிளேட்டுக்கென்றே சமன் செய்யப்பட்டது. 6 அங்குல மெஷினில் 3 அங்குல பிளேட் போட்டால் கை நடுங்கும், பேரிங்கும் சீக்கிரம் போகும். ஏ-பில்லர் (முன் கண்ணாடியின் பக்கத் தூண்), பம்பர் ஓரம், கதவுக் கைப்பிடி போன்ற இடங்களுக்குத் தனியாக 3 அங்குல மினி மெஷின் தேவைப்படும். முதலிலேயே வாங்க வேண்டியதில்லை. அந்த இடங்களைக் கையால் செய்துகொள்ளலாம்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வரும் மெஷின் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் சொருகினால் மோட்டார் எரிந்துவிடும். எக்ஸ்டென்ஷன் வயர் 1.5 சதுர மி.மீ. செம்பாக இருக்கட்டும், சுருளாக இருந்தால் முழுவதும் பிரித்துவிட்டு ஓட்டுங்கள். வெல்டிங் பட்டறையில் இருக்கும் 4 அங்குல ஆங்கிள் கிரைண்டரில் பேட் மாட்டுவதை நினைத்தும் பார்க்காதீர்கள். அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றையும் தாண்டும். பெயிண்ட்டும் போகும், பேட் பிய்ந்து முகத்திலும் அடிக்கும்.

பேட்: பணத்தை இங்கே போடுங்கள்

ஒரு மெஷினும் இரண்டு பேடும் சேர்ந்து வரும் கிட் வாங்குபவர்கள் பாதிக் காரில் மாட்டிக்கொள்வார்கள். பேட் தேய்த்தெடுத்த கிளியர் கோட்டையும் காய்ந்த காம்பவுண்டையும் குடித்துக் குடித்துச் சூடாகி, தளர்ந்து, வெட்டும் திறனை இழந்துவிடும். அந்த பேடோடு தொடர்ந்தால் நேரமும் போகும், புதிய மங்கலும் விழும். ஒரு ஹேட்ச்பேக்குக்கு வெட்டும் பேட் 4, பாலிஷ் பேட் 4, கடைசி நிலைக்கு 2 என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. பிளேட் 5 அங்குலம் என்றால் பேட் 5.5 அங்குலம், பிளேட்டின் ஓரம் பெயிண்ட்டில் படாமல் இருக்க பேட் எப்போதும் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும்.

வூல் அதிகம் வெட்டும், சூடு குறைவு, மங்கல் விடும். மைக்ரோஃபைபர் பேட் டி.ஏ.யில் ஆழமான ஸ்வர்லை வேகமாக எடுக்கும், ஆனால் மென்மையான கிளியரில் பனி படிந்தாற்போல் விட்டுச்செல்லும். ஃபோமில் கடினம், நடுத்தரம், மென்மை என்று வரிசை உண்டு. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். லேக் கண்ட்ரியின் வழக்கமான வரிசையில் மஞ்சள் என்பது வெட்டும் பேட். ரூபெஸில் மஞ்சள் என்பது மென்மையான பாலிஷுக்கு. ஒரு கம்பெனி பேடுக்குச் சொன்ன யோசனையை இன்னொரு கம்பெனி நிறத்தோடு பொருத்தினால் வேலை தலைகீழாகும். பேக்கெட்டில் ‘கட்டிங்’, ‘பாலிஷிங்’, ‘ஃபினிஷிங்’ என்று என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் நம்புங்கள்.

பெரும்பாலான வண்டிகளுக்கு நடுத்தர ஃபோம் பேடும் நடுத்தரப் பாலிஷும் ஒரே சுற்றில் (ஒரு இடத்தைக் குறுக்கும் நெடுக்குமாகச் சில முறை ஓட்டி முடிப்பது ஒரு சுற்று) முக்கால்வாசி ஸ்வர்லை எடுத்துவிடும். எங்கள் கருத்தில், தினமும் ஓடும் வண்டிக்கு அதுவே போதும். நூறு சதவீதம் கேட்பவர் கிளியரைத்தான் விலையாகக் கொடுக்கிறார்.

காம்பவுண்டும் மற்ற சாமான்களும்

காம்பவுண்ட் வெட்டும், பாலிஷ் மினுக்கும். இரண்டிலும் உராய்வுத் துகள் உண்டு, அளவுதான் வேறு. மென்செர்னாவில் எண் கூடக் கூட வெட்டு குறையும்: 400 கடுமை, 2500 நடுத்தரம், 3800 கடைசி மினுக்கம். மெகுயர்ஸில் எம்105 வெட்டுவதற்கு, எம்205 மினுக்குவதற்கு. சில திரவங்களின் துகள் தேய்க்கத் தேய்க்கச் சிறுத்துப்போகும். அவற்றைப் பாதியில் நிறுத்தினால் மங்கல்தான் மிஞ்சும், முழுச் சுற்றும் ஓட்ட வேண்டும். எம்105 போன்றவற்றின் துகள் அளவு மாறாது, குறுகிய சுற்றிலேயே வேலை முடியும். ஒரு காருக்கு 250 மில்லி பாட்டில் தாராளம். சிலிக்கோனும் மெழுகும் கலந்த ‘ஆல் இன் ஒன்’ வகை கீறலை நிரப்பிக் காட்டும் என்பதால், எவ்வளவு சரியானது என்பது தெரியாமல் போய்விடும். கரெக்‌ஷனுக்கு அது வேண்டாம்.

துணி 350–400 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு) மைக்ரோஃபைபர், ஓரத்தில் தையல் இல்லாதது, குறைந்தது 12. தரையில் விழுந்த துணியை அன்று தொடாதீர்கள். துவைக்கும்போது பருத்தித் துணியோடு சேர்க்கவோ, கண்டிஷனர் ஊற்றவோ கூடாது. மாஸ்கிங் டேப், கார் பெயிண்ட் கடையில் கிடைக்கும் வகையே வேண்டும். ஸ்டேஷனரி டேப் வெயிலில் பசையை விட்டுவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, தண்ணீர் நாலைந்து பங்கு கலந்து ஒரு ஸ்பிரே பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். இதைவிடக் காரமாக வேண்டாம், புதிதாக அடித்த பெயிண்ட்டை அது இளக்கும். கடைசியாக, ஒற்றைப் புள்ளியாக ஒளி வீசும் எல்இடி டார்ச். டியூப் லைட் வெளிச்சத்தில் எந்தக் காரும் நன்றாகத்தான் தெரியும்.

தயாரிப்பு

மெஷினைத் தொடும் முன் பாதி நாள் இதற்கே போகும். இரண்டு வாளி வைத்துக் கழுவுங்கள்: ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். பிறகு அயர்ன் ரிமூவர் தெளித்தால் பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய இரும்புத் துகள்கள் ஊதா நிறமாகக் கரைந்து வழியும். காயவிடாமல் கழுவிவிடுங்கள். கதவின் கீழ்ப்பகுதியில் ஒட்டிய தாரை, தார் ரிமூவரால் தனியாக எடுக்க வேண்டும்.

போர் தண்ணீரில் கழுவிய வண்டிகளில் உப்புக் கறை வட்டமாகப் படிந்திருக்கும். வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, நிழலில், ஒரு நிமிடம் ஈரத்துணியால் ஒற்றி வைத்துக் கழுவினால் மேலோட்டமான உப்பு கரையும். கரையாமல் நிற்பது கிளியரை அரித்துவிட்ட பள்ளம், அதற்குத்தான் மெஷின்.

அடுத்தது கிளே பார், அதாவது பெயிண்ட்டில் ஒட்டிய துகள்களைப் பிடித்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி. லூப்ரிகண்ட் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் ஓட்டுங்கள். சொரசொரப்பு போய் வழுக்கத் தொடங்கும்போது அந்த இடம் முடிந்தது. கிளேயை அடிக்கடி மடித்துப் பிசைந்து புதுப் பக்கத்தைக் கொண்டுவர வேண்டும். கீழே விழுந்தால் குப்பையில் போடுங்கள். கிளே போடாமல் பாலிஷ் செய்தால் ஒட்டியிருக்கும் துகள்களை பேட் பெயர்த்தெடுத்து, பெயிண்ட் முழுக்க இழுக்கும்.

காய்ந்த பிறகு ரப்பர் பீடிங், கறுப்புப் பிளாஸ்டிக், லோகோ, ஹெட்லைட் ஓரம், பேனல்களின் கூரான விளிம்பு, உடல் மடிப்புக் கோடுகள் எல்லாவற்றையும் டேப் போட்டு மறைக்கவும். விளிம்பிலும் மடிப்பிலும்தான் பெயிண்ட் மிக மெலிது, பேடின் அழுத்தமும் அங்கேதான் குவியும். டேப்பை அன்றே உரித்துவிடுங்கள்.

டெஸ்ட் ஸ்பாட்

பானட்டில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சதுரம் டேப்பால் ஒதுக்குங்கள். அதில் மென்மையான கூட்டணியிலிருந்து தொடங்க வேண்டும்: நடுத்தர ஃபோம், மென்மையான பாலிஷ். ஒரு சுற்று ஓட்டி, ஆல்கஹால் கலவையால் துடைத்து, டார்ச்சை ஒரு முழம் தள்ளிச் சாய்த்துப் பாருங்கள். ஆல்கஹாலால் துடைக்காமல் பார்த்தால் எண்ணெய் கீறலை மறைத்திருக்கும், ஏமாந்துபோவீர்கள். போதவில்லை என்றால் முதலில் திரவத்தை ஒரு படி கடுமையாக்குங்கள், அதற்கும் போதாவிட்டால் பேடை மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. நகம் மாட்டும் அளவு ஆழமான கீறலை மறந்துவிடுங்கள். அதை முழுதும் எடுக்க முயன்றால் கிளியரே மிஞ்சாது. அதன் ஓரங்களை மழுக்கினாலே பாதி மறையும்.

மறுபடி பெயிண்ட் அடித்த பேனலுக்கும் பம்பருக்கும் தனித்தனியே டெஸ்ட் ஸ்பாட் வேண்டும். பிளாஸ்டிக் வெப்பத்தைக் கடத்தாது, சீக்கிரம் கருகும். அங்கே வேகம் ஒரு படி கீழே.

ஓட்டும் முறை

நிழலும் குளிர்ந்த பேனலும் கட்டாயம். கோடையில் வெயிலில் நின்ற பானட்டில் கை வைக்க முடியாது. அதில் காம்பவுண்ட் விழுந்தவுடன் காய்ந்து பொடியாகும். விடிகாலையிலிருந்து பத்து மணிக்குள் கூரையும் பானட்டும், பிறகு நிழல் விழும் பக்கக் கதவுகள் என்று வரிசை வைத்துக்கொள்ளலாம்.

புதிய பேடின் முகம் முழுவதும் மெல்லியதாகத் திரவம் தடவி விரலால் தேய்த்து ஈரமாக்குங்கள். பிறகு ஒவ்வொரு சதுரத்துக்கும் பட்டாணி அளவில் நாலு சொட்டு. மெஷினை ஓடவிடாமல் பேனலில் ஒற்றிப் பரப்பி, பேட் படிந்த நிலையிலேயே 1-ஆம் வேகத்தில் தொடங்கி ஒரு முறை விரித்துவிடுங்கள். அடுத்து 4 அல்லது 5-ஆம் வேகம். கை நகரும் வேகம் நொடிக்கு 2–3 செ.மீ. மட்டுமே. எல்லோரும் கெடுப்பது இங்கேதான். வேகமாக ஆட்டினால் துகள் வெட்ட நேரமே கிடைக்காது. ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் பாதியை மூட வேண்டும். இடமிருந்து வலம் ஒரு முறை, மேலிருந்து கீழ் ஒரு முறை என்று நாலு முதல் ஆறு முறை. அழுத்தம் மெஷினின் எடையோடு சில கிலோ; கடைசி இரண்டு முறையும் மெஷினின் எடை மட்டும். பேட் தட்டையாகவே இருக்கட்டும். வயரைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். நிறுத்திய பிறகே தூக்குங்கள், இல்லாவிட்டால் சுவரெல்லாம் காம்பவுண்ட்.

பேனலை அடிக்கடி புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி; கை வைக்க முடியாவிட்டால் வேறு பேனலுக்குப் போங்கள். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேடை நைலான் பிரஷால் துலக்குங்கள், கம்ப்ரஸர் இருந்தால் காற்றடியுங்கள். மூன்று நான்கு சதுரத்துக்குப் பின் பேட் கனத்து ஈரமாகத் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

கோளாறு எங்கே, ஏன்

வெள்ளைத் தூசி பறந்தால் பேனல் சூடு, அல்லது நேரம் கடந்தும் ஓட்டுகிறீர்கள். துடைக்கும்போது இழுவையாக ஒட்டினால் திரவம் அதிகம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் இது கூடுதலாக வரும். சொட்டைக் குறைத்து, சுற்றைச் சுருக்கி, ஆல்கஹால் கலவையை ஒரு முறை தெளித்துத் துடைத்தால் வந்துவிடும். முழுப் பரப்பிலும் பனி போன்ற மங்கல் இருந்தால் பேட் அந்தப் பெயிண்ட்டுக்குக் கடுமை. மென்மையான ஃபோமும் 3800 வகைப் பாலிஷும் அதைத் தீர்க்கும். கறுப்பில் இந்தக் கடைசி நிலையைத் தவிர்க்கவே முடியாது. வெள்ளை, சில்வர் வண்டிகளில் தேவையா என்று டார்ச் சொல்லட்டும். அங்கங்கே தனித்த ஆழமான கோடு புதிதாகத் தெரிந்தால் பேடிலோ துணியிலோ மண் சிக்கியிருக்கிறது. இரண்டையும் உடனே மாற்றுங்கள். பேடின் பின்பக்க ஹூக் ஒட்டு (வெல்க்ரோ) உரிந்து வந்தால் காரணம் வெப்பம்: ஒரே பேடை ஓய்வில்லாமல் ஓட்டியிருக்கிறீர்கள், அல்லது அழுத்தம் அதிகம்.

முடித்த பின்

முழு வண்டியையும் ஆல்கஹால் கலவையால் துடைத்து, வெயிலில் ஒரு முறை சரிபாருங்கள். இப்போது பெயிண்ட்டின் மேல் எந்தப் பாதுகாப்பும் இல்லை. அன்றே வாக்ஸ், சீலண்ட், செராமிக் ஏதாவது ஒன்று போட வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் புதிதாகப் பெயிண்ட் அடித்த பேனலுக்கு மட்டும் விதிவிலக்கு: கரைப்பான் வெளியேற அதற்குக் குறைந்தது ஒரு மாதமாவது மூச்சுவிட இடம் கொடுங்கள், மெழுகால் மூடாதீர்கள்.

பேடை ஊறப்போட்டு வைக்காமல் அன்றே அலசுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் பாத்திரம் துலக்கும் திரவம், விரலால் அழுத்திப் பிழிந்தாலே போதும். முறுக்கினால் ஒட்டு விடும். சுத்தமான பேடை மெஷினில் மாட்டி, ஒரு வாளிக்குள் பிடித்து 3-ஆம் வேகத்தில் சில நொடி சுற்றினால் தண்ணீர் உதறிவிடும். பிறகு ஃபோம் முகம் கீழே இருக்கும்படி கம்பி வலை மேல் நிழலில் காயவைத்து, வெட்டும் பேட், மினுக்கும் பேட் என்று தனித்தனி ஜிப் கவரில் போட்டு மூடிவிடுங்கள்.